நிலைப்பும் நெளிவும்

மேடுபள்ளமான தரையில் முக்காலியை இட்டால் அது ஆடுவதில்லை. நாற்காலியை இட்டால் ஆடுகிறது. மூன்று கால்கள் எத்தகைய தரையிலும் ஒருங்கே ஊன்றி நிற்கும். நான்காவது கால் ஒன்று சேர்ந்துவிட்டாலோ, தரை ஒரே மட்டமாக இருந்தாலன்றி, ஏதேனும் ஒரு கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரங்களை உடைய மோட்டார் வண்டி கல்லும் குழியுமான பாதையில் இறங்கும்போது அதற்கு நேரும் முதல் இடர்ப்பாடு இதுவே. நாற்காலியின் கால் தொங்கினால் அமர்ந்தவர் சற்று ஆடுவார், அவ்வளவே. வண்டியின் சக்கரம் தொங்கினாலோ வண்டி நகராது நின்றுவிடும். சில வேளைகளில் கவிழ்ந்தும் விடும்.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க வந்தவை விற்கள். அவை நெளிந்து கொடுப்பதனால்தான் நான்கு சக்கரங்களும் தரையைத் தேடிப் பிடிக்கின்றன. ஆனால் நெளிவு மிகுந்தால் வேறோர் இடர் வருகிறது. வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அச்சாய்வைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஓர் இரும்புத் தண்டினை அச்சின் இரு முனைகளுக்கும் இடையே பூட்டுகிறார்கள். பட்டறைகளில் இதனை ஸ்டெபிலைசர் பார் என்றும், ஸ்வே பார் என்றும் வழங்குவர். நாம் இதனை நிலைப்புத் தண்டு என்று அழைப்போம். நெளிவைக் காப்பதா, நிலைப்பைக் காப்பதா என்பதே மலைப்பாதை வண்டிகளை அமைப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா. அவ்வண்டிகளை ஓட்டுவோரும் இதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் ஊரும் இவ்வண்டிகளும்

இப்பொருளை நம் இதழில் எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு. நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறியிருக்கும் ஸ்ரீ சிட்டி, 2008-ஆம் ஆண்டில் தோன்றிய தொழில் நகரம். இதனை அடுத்த சத்தியவேட்டுப் பகுதி 1960-ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பு வரையில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இந்நகரில் ஜப்பான் நாட்டு இசுசு நிறுவனத்தின் மோட்டார்த் தொழிற்சாலை 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர் அந்நிறுவனத்தின் வண்டிகள் திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டு வந்தன. ஆகவே இவ்வண்டிகளுக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று.

ஸ்ரீ சிட்டி ஆலையில் உருவான டி-மேக்ஸ் வி-கிராஸ் என்னும் நான்கு சக்கர இயக்க வண்டி 2016-இல் விற்பனைக்கு வந்தது. பின்புறம் சுமைப்பெட்டியும், முன்புறம் ஐவர் அமரும் அறையும் உடையது அது. அடுத்த ஆண்டில் எம்யூ-எக்ஸ் என்னும் எழுவர் அமரும் வண்டியும் வந்தது. இவ்வகை வண்டிகளைக் கனவு கண்டு, சேமித்துப் பணம் சேர்த்து, பழையதாகவேனும் வாங்கும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. விடுமுறை நாளில் கல்பாதையில் ஓட்டிப் பழகுவதற்கு ஒன்று, ஊருக்குப் போய்வர ஒன்று என இரண்டு வண்டிகள் வைத்துக்கொள்ள நமக்கு வசதி ஏது? ஞாயிற்றுக்கிழமை கல்லில் ஏறிய வண்டியே திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும். பொங்கலுக்குத் தாய் தந்தையரைக் காணச் சொந்த ஊருக்கும் ஓடும். "பின்னச்சின் தண்டைக் கழற்றி எறிந்துவிடு, வண்டி ஆடு போல மலை ஏறும்" என்னும் யோசனை பட்டறைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதன் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

தண்டின் அமைப்பு

நிலைப்புத் தண்டு என்பது வில்லுக்குரிய எஃகினால் ஆன, ஏறத்தாழ ஆங்கில யு எழுத்தின் வடிவில் வளைந்த ஒரு கம்பி. அதன் நடுப்பகுதி வண்டியின் குறுக்கே கிடக்கும். ரப்பர் புஷ்களின் வழியாக அது சேஸிஸுடனோ அச்சுடனோ பிணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் சிறு இணைப்புக் கம்பிகளால் இரு பக்கத்துச் சக்கரங்களின் தாங்கிகளோடு தொடர்புற்றிருக்கும். இத்தகைய அமைப்புக்கு முதற்காப்புரிமை பெற்றவர் கனடா நாட்டுப் பிரெடரிக்டன் நகரைச் சேர்ந்த கோல்மன் என்பவர், ஆண்டு 1919. நூறாண்டு கடந்தும் அதன் தத்துவம் மாறவில்லை.

தத்துவம் மிக எளியது. இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் மேலே எழுந்தால், தண்டு தன் புஷ்களுக்குள் சற்றே சுழன்று கொடுக்கும். வேறெந்த வேலையும் செய்யாது. சாலையின் குறுக்கே போட்ட வேகத்தடையின்மேல் நேராக ஏறி இறங்கும்போது அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஆனால் ஒரு சக்கரம் எழ, மற்றொன்று தாழ்ந்தால் தண்டின் ஒரு கை மேலும் மறு கை கீழுமாகப் போகும். அப்போது நடுப்பகுதி ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குண்ணும். எஃகு முறுக்கை எதிர்க்கும். அந்த எதிர்ப்பினால் எழுந்த சக்கரம் கீழே அழுத்தப்படும். தாழ்ந்த சக்கரமோ மேலே இழுக்கப்படும். இதுதான் தண்டின் முழுத் தொழில்: இரு சக்கரங்களையும் ஒரே மட்டத்தில் வைத்திருக்க முயல்வது.

தண்டின் பருமனைப் பற்றியும் ஒரு கணக்கை நினைவில் வைத்தல் நலம். முறுக்கை எதிர்க்கும் வலிமை, விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் தண்டுக்கு மாற்றாக, நீளமும் வடிவும் மாறாத 22 மில்லிமீட்டர் தண்டினைப் பூட்டினால் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. 25 மில்லிமீட்டராயின் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு சாலையில் பெரிதாகிவிடும் என்பதற்கு இக்கணக்கே சான்று.

கல்பாதையில் நேர்வது என்ன?

இனி, வண்டி கல்பாதையில் செல்வதாகக் கொள்வோம். முன்பக்கத்து இடச் சக்கரம் ஒரு பாறையின்மேல் ஏறுகிறது. அதே வேளையில் பின்பக்கத்து வலச் சக்கரமும் மற்றொரு மேட்டின்மேல் நிற்கிறது. எஞ்சிய இரண்டு சக்கரங்களுக்கும் கீழே பள்ளம். வண்டி மூலைவிட்டமாக இரண்டு புள்ளிகளில் மட்டும் தாங்கப்படுகிறது. விற்கள் போதிய அளவு நெளிந்தால் மற்ற இரு சக்கரங்களும் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தொடும். நெளியாவிடில் அவை அந்தரத்தில் தொங்கும்.

தொங்கும் சக்கரம் வண்டியை ஏன் நிறுத்திவிடுகிறது? இங்கே டிஃபரன்ஷியலின் இயல்பை அறிதல் வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துச் சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே பகிர்ந்தளிக்கும். அந்தரத்தில் உள்ள சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறு விசை போதும். ஆகவே தரையில் ஊன்றிய மறு சக்கரத்துக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். ஒன்று வீணே சுழல, மற்றொன்று அசையாது நிற்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டியிருந்தாலும், முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றும் தொங்கினால் இரண்டு அச்சுகளுமே வலிமை இழக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

ஆதலால் நெளிவு என்பது சொகுசுக்காக ஏற்பட்டதன்று. வண்டியின் பாரத்தை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பிடிப்பைத் தருவதற்காக ஏற்பட்டது. இதனை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. 20 பாகைச் சரிவுள்ள ஒரு மேடையில் ஒரு பக்கத்து முன்சக்கரத்தை மட்டும் ஏற்றுவார்கள். ஏதேனும் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும் தறுவாயில் நிறுத்தி, சரிவில் ஏறிய தூரத்தை அளப்பார்கள். அத்தூரத்தை இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள நீளத்தால் வகுத்து, 1000-ஆல் பெருக்கிவரும் எண்ணே அவ்வண்டியின் நெளிவெண். வி-கிராஸ் வண்டியின் அச்சிடை நீளம் 3,095 மில்லிமீட்டர். இந்நீளமுள்ள வண்டி ஒன்று சரிவில் 1,238 மில்லிமீட்டர் ஏறி நின்றால், அதன் நெளிவெண் 400 ஆகும். அப்போது ஏறிய சக்கரம் மற்றவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக நெளிவு மிகுதி என்று கொள்க.

இத்தகைய இடத்தில் நிலைப்புத் தண்டு இடையூறே செய்யும். பள்ளத்தில் இறங்கவேண்டிய சக்கரத்தை அது மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. "கழற்றிவிடு" என்னும் யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஏன் பின்னச்சைக் குறிவைக்கிறார்கள்?

நம் நாட்டில் ஓடும் இவ்வகை வண்டிகள் பலவற்றில் முன்பக்கத்துச் சக்கரங்கள் தனித்தனியே விற்களால் தாங்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்திலோ ஒரே முழு அச்சு. தனித்தனிச் சக்கரங்களுக்கு ஏறி இறங்கும் எல்லை குறைவு. முழு அச்சோ துலாக்கோலைப் போன்றது. ஒரு முனை ஏறினால் மறுமுனை தானே தாழும். ஆகவே வண்டியின் நெளிவில் பெரும்பங்கு பின்னச்சிலிருந்தே கிடைக்கிறது. அந்த அச்சில் ஒரு தண்டு பூட்டியிருப்பதைக் கண்டதும், அதுவே பகை என்று எண்ணுவது இயல்பு.

ஆனால் எல்லா வண்டிகளிலும் பின்தண்டு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வி-கிராஸ் வண்டியின் பின்னச்சு பட்டை விற்களின்மேல் அமர்ந்தது. அதற்குத் தனியே நிலைப்புத் தண்டு இல்லை. சுமை தாங்குவதற்காக அடுக்கிய பட்டைகள் இயல்பாகவே விறைப்பானவை. சாய்வைத் தடுக்கும் தொழிலையும் அவையே ஓரளவு செய்துவிடுகின்றன. எம்யூ-எக்ஸ் வண்டியிலோ பின்னச்சை ஐந்து இணைப்புத் தண்டுகள் பிடித்திருக்க, சுருள் விற்கள் தாங்குகின்றன. அமர்ந்து செல்வோரின் சொகுசுக்காக மென்மையாக்கப்பட்ட சுருள் விற்கள் வளைவில் எளிதில் சாயும். அக்குறையை நீக்கவே அங்கே நிலைப்புத் தண்டு பூட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஆலையில் பிறந்த இரண்டு வண்டிகள். ஒன்றில் தண்டு இல்லை, மற்றொன்றில் உண்டு. பயணிகளுக்கென மென்மை கூடியபோது தண்டும் உடன் வந்தது.

மகிந்திரா நிறுவனத்தின் தார் வண்டியிலும் இதே கதையைக் காணலாம். 2010-இல் வெளிவந்த தாருக்குப் பின்பக்கம் பட்டை விற்கள் இருந்தன. 2020-இல் வெளிவந்த புதிய தாருக்குச் சுருள் விற்களும், முன்னும் பின்னும் நிலைப்புத் தண்டுகளும் வந்தன. கல்பாதைக்கென்றே பெயர்பெற்ற வண்டிக்கும் அதனை அமைத்தோர் பின்தண்டு வைத்தார்கள் என்றால், காரணமின்றி வைத்திருக்க மாட்டார்கள் அன்றோ?

வளைவில் நேர்வது என்ன?

அக்காரணத்தை அறிய நாம் திருமலைக்குச் செல்வோம். மலைமேல் செல்லும் முதற்பாதை 1944-ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாதை 1974-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இப்போது பழைய பாதை இறங்குவதற்கும், புதிய பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. தரிசனம் முடித்து, களைத்து உறங்கும் குழந்தைகளோடும், கூரைமேல் கட்டிய மூட்டைகளோடும் நம் குடும்பங்கள் இறங்கி வருவது அந்தப் பழைய பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில்தான்.

20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவைக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதில் திரும்பினால், வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வேகம் 40 கிலோமீட்டர் ஆனால் அவ்விசை எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேலாகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, விசை ஏறத்தாழ இரு மடங்கை நெருங்குகிறது. ஏனெனில் விசை வேகத்தின் இருபடியைப் பொறுத்தது.

இவ்விசையினால் உட்பக்கச் சக்கரங்களின்மேல் உள்ள பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. 2,000 கிலோ எடையும், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், 1.57 மீட்டர் சக்கர இடைவெளியும் உடைய ஒரு வண்டியைக் கணக்கிற்காகக் கொள்வோம். பக்க விசை எடையில் பத்தில் மூன்று பங்காக இருக்கும்போது, ஏறத்தாழ 287 கிலோ பாரம் உள்ளிருந்து வெளிப்பக்கம் மாறும். கூரைமேல் மூட்டைகளை ஏற்றி ஈர்ப்பு மையம் 85 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால், மூட்டைகளின் எடையைச் சேர்க்காமலே, மாறும் பாரம் 325 கிலோ ஆகும். கூரைச் சுமையின் தீமை இதனால் விளங்கும்.

இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. மாறும் மொத்தப் பாரத்தை நிலைப்புத் தண்டு குறைப்பதில்லை. அது செய்பவை இரண்டே. ஒன்று, உடலின் சாய்வைக் குறைக்கிறது. மற்றொன்று, மாறும் பாரத்தில் முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு என்னும் பங்கீட்டை அமைக்கிறது. எந்த அச்சு விறைப்பானதோ அந்த அச்சின் வெளிச்சக்கரத்தின்மேல் பாரம் மிகும். அந்த அச்சின் பிடிப்பு முதலில் தளரும்.

ஆகவே பின்தண்டைக் கழற்றினால் என்ன ஆகும்? உடல் மிகச் சாயும். முன்னச்சு பெரும்பங்கு பாரத்தை ஏற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி வளைவுக்கு வெளியே ஓட நாடும். ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்குத் திரும்பும்போது, உடல் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்குத் தொட்டிலைப் போல் வீசும். தேசிய நெடுஞ்சாலை 16-இல் விரைந்து செல்லும்போது குறுக்கே மாடு வந்து, சட்டென்று ஒதுக்கி மீண்டும் நேராக்க நேர்ந்தால், இந்த வீச்சே உயிருக்கு உலை வைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "வி-கிராஸ் வண்டிக்குப் பின்தண்டு இல்லையே" என்று கருதிப் பருத்த தண்டு ஒன்றை வாங்கிப் பூட்டுவோர் உண்டு. பின்பெட்டியில் சுமை இல்லாதபோது அவ்வண்டியின் பின்பாரம் குறைவு. அங்கே விறைப்பைக் கூட்டினால், மழையில் நனைந்த வளைவில் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வால் வெளியே வீசும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு திருத்தலாம். வால் வீசினால் தேர்ந்த ஓட்டுநருக்கும் அது கடினம்.

பிற நாட்டார் கண்ட வழிகள்

நெளிவும் வேண்டும், நிலைப்பும் வேண்டும் என்னும் இவ்வினாவுக்குப் பல நாட்டார் விடை தேடியிருக்கிறார்கள். 1997-இல் வெளிவந்த நிசான் பேட்ரோல் வண்டியின் சில வகைகளில், பின்னச்சின் நிலைப்புத் தண்டை ஒரு பொத்தானை அழுத்தியே விடுவிக்கும் ஏற்பாடு இருந்தது. கல்பாதையில் இறங்கும்போது விடுவிப்பார்கள். சாலைக்கு வந்ததும் மீண்டும் பூட்டுவார்கள். அமெரிக்க ஜீப் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு மாதிரியான ராங்ளர் ரூபிகான் வண்டியில் முன்தண்டை மின்விசையால் விடுவிக்கும் அமைப்பைத் தந்தது. அங்கே வேகம் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டரைக் கடந்தால் தண்டு தானே மீண்டும் பூட்டிக்கொள்ளும். தண்டில்லாத வண்டியை அதனை அமைத்தவர்களே அவ்வேகத்துக்கு மேல் நம்பவில்லை என்பது இதன் பொருள்.

ஆஸ்திரேலியாவில் உருவாகி, டொயோட்டா நிறுவனம் கைக்கொண்ட கைனடிக் முறை இன்னும் நுட்பமானது. முன்தண்டையும் பின்தண்டையும் எண்ணெய்க் குழாய்களால் இணைத்திருப்பார்கள். வளைவில் முன்னும் பின்னும் ஒரே பக்கம் சாய முயலும்போது எண்ணெய் நகராது. தண்டுகள் விறைப்பாக நிற்கும். கல்பாதையில் முன்னச்சு ஒரு பக்கமும் பின்னச்சு எதிர்ப்பக்கமும் சாயும்போது எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும்; தண்டுகள் விட்டுக்கொடுக்கும். ஓட்டுநர் எதனையும் அழுத்த வேண்டுவதில்லை.

இவற்றிலிருந்து நாம் கற்பது ஒன்றே. இவர்களில் எவரும் தண்டைக் கழற்றி எறிந்துவிடவில்லை. வேண்டாத இடத்தில் விடுவித்து, வேண்டும் இடத்தில் பூட்டுகிறார்கள்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

நம் அன்பர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகளைக் கூறி முடிப்போம்.

முதலாவது, பின்தண்டுதான் நெளிவைத் தடுக்கிறதா என்று முதலில் அறிய வேண்டும். பல வண்டிகளில் பின்தண்டு மெலிந்தது, முன்தண்டே பருத்தது. சக்கரம் தாழும் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பரின் நீளமே. அது முழுவதும் நீண்டுவிட்ட பின், தண்டைக் கழற்றியும் பயன் சிறிது.

இரண்டாவது, தண்டைக் கழற்றினால் அச்சு முன்னைவிடக் கீழே இறங்கக்கூடும். அப்போது பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாயும், சக்கர வேகத்தை உணர்த்தும் மின்கம்பியும் இழுபட்டு அறுந்துபோக இடமுண்டு. நெளிவைத் தேடிப் பிரேக்கை இழப்பது பேதைமை.

மூன்றாவது, செலவின்றியே பிடிப்பைக் கூட்டும் வழி ஒன்று உண்டு. கல்பாதையில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால், டயரே நெளிந்து கல்லைக் கவ்விக்கொள்ளும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்புதல் கட்டாயம். ஆதலால் காற்றடிக்கும் சிறு கருவி வண்டியில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

நான்காவது, பூட்டியிருக்கும் தண்டையும் கவனியாமல் விட்டுவிடலாகாது. சிறு குழிகளில் இறங்கும்போது கீழிருந்து டக் டக் என்னும் ஓசை வந்தால், தண்டின் இணைப்புக் கம்பியோ ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். இவை விலை குறைந்த பொருள்கள். இணைப்புக் கம்பி முறிந்தால் தண்டு இருந்தும் இல்லாததே. அதனை அறியாமல் வளைவில் செல்வது தெரிந்து கழற்றியதைவிடக் கொடிது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் புகலாகாது; உறுதியான தாங்கிகளைக் கொடுத்த பின்னரே புக வேண்டும்.

ஐந்தாவது, சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்த பின் இன்சூரன்ஸ் நிறுவனத்தார் வண்டியைச் சோதிக்கும்போது, கழற்றிய தண்டு தொல்லை விளைவிக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், நம்மைச் சுற்றியுள்ள கம்பாக்கம் மலைகளிலும் நாகலாபுரம் மலைகளிலும் காப்புக்காடுகள் உள்ளன. அங்கே அனுமதியின்றி வண்டியோடு புகுவது குற்றம். பழகுவதற்கு உரிமையாளர் இசைந்த தனி நிலமே தகுதி.

ஆறாவதும் முடிவானதும் இது. கல்பாதைக்காகத் தண்டின் இணைப்பைக் கழற்றியே ஆகவேண்டும் என்பவர், கழற்றிய கம்பியையும் போல்ட்டுகளையும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். சாலையில் சக்கரம் படுவதற்கு முன், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பாரம் சக்கரங்களின்மேல் நிற்கும் நிலையில் மீண்டும் பூட்டி, குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். "வீட்டுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவோர் பலர். வீடு வரையில் உள்ள சாலையில்தான் தண்டு வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அது எதற்கு?

நம்மில் பலர் ஆலைகளில் போல்ட்டு முறுக்கும் தொழிலே செய்கிறோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இவ்வளவு முறுக்கு என்று அளவு குறித்து, சரிபார்த்த பின்னரே வண்டியை அடுத்த இடத்துக்கு நகர்த்துகிறோம். முன்பின் அறியாத எவரோ ஒருவர் அவ்வண்டியில் தம் மனைவி மக்களோடு பயணம் செய்யப்போகிறார் என்பதற்காக அவ்வளவு கவனம் கொள்கிறோம். அதே கவனத்தை நம் சொந்த வண்டிக்கும், அதில் ஏறும் நம் சொந்த மக்களுக்கும் கொடுப்போமாக.